ஐம்பதாவது நிமிடம்

தாணுலிங்கத்தின் வலது கை முதலில் மறந்தது சட்டைப் பொத்தானை. அடுத்து பூட்டில் சாவி நுழையவில்லை. பிறகு சோறு வாய்க்கு வந்து சேர்வதற்குள் நாலு பருக்கை தட்டுக்கே திரும்பிப் போனது.

நாகர்கோவிலில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்தெலும்பின் இடுக்கில் நரம்பு நசுங்குகிறது. ஆபரேஷன் செய்யாவிட்டால் கை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். செய்தால் போகாது. நூற்றில் இரண்டு பேருக்கு மட்டும் செய்யும்போதே போய்விடலாம்.

“அந்த ரெண்டு பேரு யாரு டாக்டர்?” என்று கேட்டார் தாணுலிங்கம்.

டாக்டர் சிரித்தார். இவர் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

முதல் தேதியை ஆடி மாதம் என்று சொல்லித் தள்ளினார். இரண்டாவது தேதி வந்தபோது கிளைடருக்கு இன்னும் மேல்தாள் ஒட்டவில்லை என்றார். டாக்டருக்குக் கிளைடர் என்றால் என்னவென்று புரியவில்லை. மூன்றாவது தேதி வருகிற திங்கட்கிழமை. இன்று சனி.

அவர் பயந்தது அந்த இரண்டு பேரில் ஒருவராகிவிடுவோம் என்று மட்டுமல்ல. முப்பத்துநாலு வருஷம் ரயில்வே லெவல் கிராசிங்கில் கேட் மூடித் திறந்தவர் அவர். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஒன்றும் நடக்கவும் இல்லை. ஒரு டூட்டியிலும் கண் அசந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் டிரைவரோடு சேர்ந்து இவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். ஆபரேஷன் நாலு மணி நேரம் என்றார்கள். அந்த நாலு மணி நேரமும் கழுத்து திறந்து கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்ள அவர் இருக்க மாட்டார்.

இதை அவர் மனைவி பகவதியிடம் சொல்லவில்லை. ஜெனோவாவிடம் சொன்னார்.

ஜெனோவா பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். முப்பத்தாறு வயது. காற்றுக் காலம் வந்தால் ஸ்கூட்டரின் பின்னால் நீளமான பெட்டியைக் கட்டிக்கொண்டு அவருடைய கேட்டைத் தாண்டிப் போவாள். கேட்டுக்கு மேற்கே ஒரு பொத்தை. மரமில்லாத மொட்டைப் பாறைக் குன்று. கணவாய்க் காற்று நேராக வந்து அதன் நெஞ்சில்தான் மோதும்.

ஒருநாள் கேட் மூடியிருந்தபோது தாணுலிங்கம் கேட்டார்: “பெட்டிக்குள்ள என்ன, பொணமா?”

“இல்ல அண்ணாச்சி. இன்னும் உயிரு போகல.”

அன்று சாயங்காலம் பொத்தைக்கு மேலே ஒரு வெள்ளைப் பொருள் சத்தமில்லாமல் நிற்பதை அவர் கேட்டிலிருந்து பார்த்தார். எஞ்சின் இல்லை. சிறகடிக்கவில்லை. ஆனாலும் விழவில்லை. ஒரு ரயிலை அனுப்பிவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் விழவில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரம் அவள் வீட்டுக்குப் போய், “எனக்கும் சொல்லித்தாங்க மாஸ்டர்,” என்றார். மாஸ்டர் என்றது கிண்டலுக்கு. இறக்கைக்கான முதல் மர விலாவை அவர் தப்பாக அறுத்தபோது, அவள் ஒன்றும் சொல்லாமல் புது மரத்துண்டை எடுத்து நீட்டிய அன்று கிண்டல் போய்விட்டது. மாஸ்டர் என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

எஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கிற, ரிமோட்டில் ஓடுகிற அந்தச் சின்ன விமானத்தை, கிளைடரை, எட்டு மாதம் கட்டினார். பால்சா மரம் கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. இறக்கைக்கு இருபத்திரண்டு விலாக்கள். ஒவ்வொன்றையும் ஒட்டிவிட்டு, “இது உடையாதே?” என்று கேட்பார். அவள் ஒருநாள் பழைய துண்டொன்றை எடுத்து அவர் கண்முன்னே படக்கென்று ஒடித்தாள்.

“எங்க உடைஞ்சிருக்கு பாருங்க.”

ஒட்டின இடம் அப்படியே இருந்தது. அதற்கு அரை விரல் தள்ளி மரம் பிளந்திருந்தது.

தாணுலிங்கம் அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் எல்லா மூட்டுகளுக்கும் அரை விரல் தள்ளி ஒரு சொட்டுப் பசை வைத்துக்கொண்டு வந்தார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து அதையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார்கள். ஒரு வாரம் ஆனது.

அவளுடைய கிளைடரில்தான் அவர் பறக்கவிடப் பழகியது. அவள் எறிவாள். அவர் ரிமோட்டைப் பிடித்துப் பொத்தைக்கு முன்னால் போக்கும் வரத்துமாக ஓட்டுவார். கீழே கொண்டு வரும் நேரம் வந்ததும் ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றுகொள்வார். ஒருமுறைகூட அவர் கொண்டு வந்ததில்லை.

“இன்னைக்கு உங்களது. நீங்கதான் கொண்டு வரணும்,” என்றாள் ஜெனோவா.

“பாப்போம்.”

“பாக்க ஒண்ணும் இல்ல. பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும். அம்பதாவது நிமிஷம் ரிமோட் கத்தும். அதுக்கு முந்தி அது புல்லுல இருக்கணும்.”

பொத்தையின் உச்சியில் இரண்டு பேரும் நின்றார்கள். மேற்கே சரிவு. கிழக்கே, அவர்கள் முதுகுக்குப் பின்னால், ரெண்டு வீட்டு மனை அளவுக்கு ஒரு புல்தரை. கீழே கொண்டு வர அந்த ஒரே இடம்தான். மூன்று பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். உச்சியைத் தாண்டி வருகிற காற்று அங்கே வந்ததும் புத்தி கெட்டுப்போய் நாலாபக்கமும் சுற்றும்.

அவர் கிளைடருக்கு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார். அடிப்பக்கம் மட்டும் சிவப்பு. அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கினாள். காற்று இறக்கையைத் தடவியதும் தாள் விர்ரென்று நடுங்கியது.

“விடட்டுமா?”

“ஒரு நிமிஷம். சுக்கான் ஆடுதான்னு இன்னொரு தடவை பாத்துக்கிடுதேன்.”

“மூணு தடவை பாத்தாச்சு.”

“நாலாவது.”

நாலாவது முறையும் ஆடியது. அவள் எறிந்தாள்.

கிளைடர் சரிவில் ஒரு ஆள் உயரம் தாழ்ந்தது. பிறகு கீழிருந்து யாரோ உள்ளங்கையில் ஏந்தியதுபோல அது மேலே எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது.

வலது கட்டைவிரலில் அவருக்கு உணர்ச்சி பாதிதான். விரல் ரிமோட்டின் குச்சிமேல் இருக்கிறதா என்று அறியக் குனிந்து பார்க்க வேண்டும். குனிந்தால் கிளைடரை விட வேண்டும். அவர் மேலும் கீழும் பார்த்து மேலும் கீழும் பார்த்துக் கழுத்தை ஒடித்துக்கொண்டார். மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் அந்த வலது குச்சிதான்.

“இழுக்காதீங்க. பயம் வந்தா கை இழுக்கும். இழுத்தா வேகம் போயிரும், வேகம் போனா விழுந்துரும்.”

“நான் இழுக்கல.”

“இழுத்துக்கிட்டே சொல்லுதீங்க.”

பத்து நிமிடத்தில் அவருக்கு ஒன்று தெரிந்தது. சரிவுக்கு முன்னால் வைத்திருக்கும் வரை அதற்கு ஒன்றும் ஆகாது. காற்று வந்துகொண்டே இருந்தது. தாங்கிக்கொண்டே இருந்தது. தெற்கே போய்த் திரும்பி, வடக்கே போய்த் திரும்பி, இப்படியே வைத்திருந்தால் போதும். மேலே பாறை இல்லை. மேலே தரையே இல்லை.

இருபதாவது நிமிடம் ஜெனோவா சொன்னாள்: “போதும். பின்பக்கம் கொண்டு வாங்க.”

“இன்னும் ஒரு சுத்து.”

முப்பதாவது நிமிடம் அவள் பாறையில் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

“கை கூசுதா?”

“இல்ல.”

“அப்ப கொண்டு வாங்க.”

“ஒரே ஒரு சுத்து மாஸ்டர்.”

அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. அவரால் எடுக்க முடியவில்லை. அது விடாமல் அடித்தது. ஜெனோவா எழுந்துவந்து அவர் பையிலிருந்து அதை உருவிக் காதில் வைத்தாள்.

“மைனியா? நான் ஜெனோவா. ஆமா, மேலதான் இருக்கு... இல்ல இல்ல, அண்ணாச்சி கீழதான் நிக்காரு. கிளைடரைச் சொன்னேன்.” கொஞ்ச நேரம் கேட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டாள். “ஆஸ்பத்திரியில இருந்து கேக்காங்களாம். திங்கக்கிழமை வாறது உறுதிதானான்னு. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள சொல்லலைன்னா அந்த நேரத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்.”

தாணுலிங்கம் கிளைடரைத் தெற்கே திருப்பினார்.

“அப்புறம் சொல்லுதேன்னு சொல்லுங்க.”

“மைனி, அப்புறம் சொல்லுதாராம்.” பகவதியின் குரல் போனுக்கு வெளியிலேயே கேட்டது. ஜெனோவா போனை அவர் பையில் திருப்பி வைத்தாள். “மைனி ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. நான் சொல்ல மாட்டேன்.”

“எனக்குத் தெரியும்.”

சூரியன் தூரத்துக் காற்றாலைகளின் மறுபக்கத்திலிருந்து நகர்ந்து நேர் எதிரே வந்திருந்தது. கிளைடர் அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நொடி காணாமல் போனது. அந்த ஒரு நொடியில் அவருக்கு முதுகில் வேர்த்தது. மறுபடி தெரிந்ததும் ஆறியது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வேர்த்து ஒரு முறை ஆறியது. ஆனாலும் பின்பக்கப் புல்தரையை நினைத்தால் இது பரவாயில்லை என்றிருந்தது. மூன்று பக்கம் பாறை. எட்டு மாதம். இந்தக் கையால் இன்னொன்று கட்ட முடியாது.

ரிமோட் கத்தியது.

பீப், பீப் என்று சின்னச் சத்தம்தான். தாணுலிங்கத்துக்கு அடிவயிற்றில் ஒரு ரயில் போனது.

“மாஸ்டர், நீங்க வாங்குங்க.”

ஜெனோவா வேர்க்கடலைத் தோலை மடியிலிருந்து தட்டினாள்.

“மாஸ்டர்! கத்துது! நீங்க கொண்டு வாங்க, உங்க காலைத் தொட்டுக் கேக்கேன்.”

“என்னோட மூணாவது கிளைடரை உங்களுக்குத் தெரியாதுல்லா?” என்றாள் அவள்.

“இப்ப என்னத்துக்கு அது?”

“நான் கட்டினதுலயே அதுதான் நல்லது. ஒரு கீறல் கிடையாது.”

பீப், பீப்.

“இதே இடத்துலதான் நின்னேன். புது இறக்கை. புல்லுல கொண்டு வர மனசு வரல. இன்னும் ஒரு சுத்து, இன்னும் ஒரு சுத்துன்னு விட்டேன். இதே மாதிரி கத்திச்சு. பிறகு கத்துறது நின்னுது. குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது கேக்கல. ஒரு இறக்கை மட்டும் லேசா சாஞ்சு, திரும்பி, என் தலைக்கு மேலயே போச்சு. கிழக்க. போய்க்கிட்டே இருந்துச்சு. ஒரு புள்ளி. அப்புறம் அதுவும் இல்ல.”

“எங்கயாவது விழுந்திருக்கும்.”

“மூணு நாள் தேடினேன். கிடைக்கல. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது இன்னும் உடையல.”

அவள் எழுந்தாள். தோளில் கிடந்த துப்பட்டாவை உருவிக்கொண்டு உச்சியிலிருந்து பின்பக்கம் இறங்கி நடந்தாள். புல்தரையின் நடுவில் போய் நின்றாள். துப்பட்டாவின் ஒரு நுனியைப் பிடித்துக் கையை உயரத் தூக்கினாள். அது அவள் கையிலிருந்து கிழக்கே பறந்தது. சட்டென்று துவண்டது. வடக்கே திரும்பியது. மறுபடி கிழக்கே.

“அங்க நிக்காதீங்க!” என்று கத்தினார் தாணுலிங்கம்.

“காத்து எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“உங்க மேல பட்டுரும் மாஸ்டர்!”

“அப்ப படாம கொண்டு வாங்க!”

அவர் கிளைடரை அண்ணாந்து பார்த்தார். ஒரு இறக்கை லேசாகச் சாய்ந்திருப்பதுபோலத் தோன்றியது. அவர் சாய்க்கவில்லை. குச்சியைத் தள்ளினார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு நொடியில் அவர் கேட்டில் நின்ற முப்பத்துநாலு வருஷமும் இருந்தது. பிறகு கிளைடர் கேட்டது.

அவர் அதைத் தலைக்கு மேல் கடத்திக் கிழக்கே விட்டார். காற்று முதுகில் தள்ள, அது பயங்கர வேகமாகப் போனது. பள்ளத்துக்கு மேலே போனதும் திருப்பினார். இப்போது அது அவரைப் பார்த்து வந்தது. முகத்துக்கு நேரே வரும்போது அதன் இடது அவருக்கு வலது. இதை அவள் இருபது தடவையாவது சொல்லியிருந்தாள். அவருக்கு எந்தக் கை எது என்றே மறந்துபோனது.

“அந்தப் பக்கம் இல்ல! மாத்துங்க!”

மாற்றினார்.

அது தாழ்ந்தது. பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியது. உள்ளே வந்ததும் சுழல்காற்று அதைப் பிடித்து உலுக்கியது. மஞ்சள் தெரிந்தது, சிவப்பு தெரிந்தது. அவர் கை இழுத்தது. மூக்கு நிமிர்ந்தது. அது நடுவானில் தயங்கி நின்றது.

“விடுங்க! விட்டுருங்க!”

கட்டைவிரல் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்க்க நேரமில்லை. இருக்கிற இடத்திலிருந்து முன்னால் தள்ளும்படி கைக்குச் சொன்னார். மூக்கு கவிழ்ந்தது. கிளைடர் தரையைப் பார்த்து, துப்பட்டாவைப் பார்த்து, அதைப் பிடித்திருந்தவளைப் பார்த்துப் பாய்ந்தது.

தாணுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

புல்லில் சரக்கென்று ஒரு சத்தம். பிறகு சின்னதாகப் படக். பிறகு அங்கிருந்து காற்றின் சத்தம் மட்டும்.

திறக்கப் பயந்து அவர் அப்படியே நின்றார். ரிமோட் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி. சுவிட்சை அணைங்க. காது வலிக்கு.”

அவர் கண்ணைத் திறந்தார். ஜெனோவா புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு முழம் தள்ளி மஞ்சள் கிளைடர் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. இடது இறக்கையின் நுனி ஒடிந்து தாளில் தொங்கியது.

அவர் எப்படி இறங்கி வந்தார் என்று அவருக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். ரிமோட்டின் சுவிட்சை இடது கையால் அணைத்தார். ஒடிந்த நுனியைத் தூக்கிப் பார்த்தார். கடைசி இரண்டு விலாக்களும் போயிருந்தன.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்ல.”

துப்பட்டாவில் ஒட்டியிருந்த புல்லை அவள் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். அவர் போனை எடுத்து மணி பார்த்தார். ஐந்தே முக்கால். கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“மாஸ்டர்.”

“சொல்லுங்க.”

“நான் கடைசியில பாக்கல.”

அவள் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“கண்ணை மூடிட்டேன். அவ்வளவு நேரம் பாத்துட்டு, பாக்க வேண்டிய நேரத்துல மூடிட்டேன்.” “திங்கக்கிழமையும் இப்படித்தானே? மூடச் சொல்லிருவாங்க. அப்புறம் என்ன நடக்குன்னு நான் எப்படிப் பாக்க?”

ஜெனோவா கையிலிருந்த புல்லை உதறினாள்.

“மூக்கு கவுந்து வந்துச்சா? வேகம் பிடிச்சுது. தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது நிமிந்துச்சு. ரொம்ப இல்ல, கொஞ்சம். என் இடது பக்கமா விலகிச்சு. வால் முதல்ல புல்லைத் தொட்டுது. அப்புறம் வயிறு. அந்தக் கல்லு தெரியுதா, அதுல இறக்கை நுனி தட்டிச்சு. அரைச் சுத்து சுத்தி நின்னுது.”

தாணுலிங்கம் அந்தக் கல்லைப் பார்த்தார். அதில் மஞ்சளாக ஒரு கீற்று இருந்தது. தம் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

“கொஞ்சம் நிமிந்துச்சா? நானா செஞ்சேன்?”

“நானா ரிமோட்டைப் பிடிச்சிருந்தேன்?”

“உங்க முகத்துக்கு நேராத்தானே வந்துச்சு?”

“ஆமா.”

“பயமா இல்லியா?”

“இருந்துச்சு.”

“அப்புறம் எப்படி இவ்வளவும் தெரியுது உங்களுக்கு?”

“நான் மூடல, அண்ணாச்சி.”